சாமியாத்தாள் சொன்ன பேர்

விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில், செத்துப்போன ஒரு பெண்ணை உயிரோடு எழுப்பியவன் நான். அதுவும் காலை டிபனுக்கு முன்னால், கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைக்காமல். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மனைவி வாலாம்பாளே வருகிறவர்களிடம், "இவர் சொல்றதுல பாதியைத் தள்ளிடுங்கோ. மிச்சத்துலயும் பாதியைத் தள்ளிடுங்கோ" என்றுதான் சொல்வாள்.

வருகிறவர்கள் நிறையப் பேர். பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று மைசூரே கடையடைத்துத் துக்கம் கொண்டாடியது. அன்றிலிருந்து அப்பா வீடு, அம்மா நகை, மாமனார் தோட்டம் என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் என் வீட்டு கேட்டைத்தான் தட்டுகிறார்கள். இந்த வரிசையைப் பார்த்துத் தசராக் கூட்டமே வெட்கப்பட்டது உண்டு.

எதிர்வீட்டு மனோஜ்குமாரும் அப்படி வந்தவன்தான். அவனுடைய அப்பா கரியப்பன் எல்லையோரத்துக் கௌதள்ளிக்காரர். மஞ்சள் வியாபாரத்தில் சம்பாதித்து இங்கே வீடு கட்டியவர். அவர் இறந்து, காரியம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"அப்பா வீட்ட எம்பேருக்கு மாத்தோணுங்க சார். வரி எவ்வளவு கட்டோணும்? பாதி வீடு கவர்மெண்டுக்கே போயிருமுன்னு ஆபீஸ்ல பயமுறுத்தறாங்க."

"செத்தவா சொத்துக்குன்னு ஒரு வரி இருந்தது, எண்பத்தஞ்சுலயே எடுத்துட்டா. நான் டெல்லிக்குக் காட்டமா ஒரு கார்டு போட்டேன், பயந்துட்டா."

அவன் சிரிக்கவில்லை.

"உயில் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ அம்மா, நீ, அக்கா. மூணு பேருக்கும் சமபங்கு. வம்ச விருட்சம்னு வாரிசுச் சான்றிதழ் வாங்கணும். அதுல வாரிசு எல்லார் பேரும் வரணும்."

"அக்கா செத்துட்டாங்க."

"இறப்புச் சான்றிதழ் எங்கே?"

"பாலாத்துல சேலைய விட்டாச்சுங்களே சார்!" என்றான், ரசீதை எடுத்து நீட்டுகிறவனைப் போல.

அவனுடைய அக்கா வினிதா வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஹூப்ளி போனவள். அவள் போன வாரமே கரியப்பன் குடும்பத்தோடு ஊர்ப்பக்கத்துப் பாலாற்றுக்குப் போனார். மகளின் சேலையை ஆற்றில் விட்டுத் தலைமுழுகினார். ஊர்ச்சனம் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேர் யார் வாயிலிருந்தும் வரவில்லை. எங்கள் தெருவில் இன்னொரு வினிதா உண்டு. அவளைக்கூட மனோஜின் அம்மா சாமியாத்தாள் 'பச்ச கேட்டு வூட்டுப் புள்ள' என்றுதான் கூப்பிடுவார்.

"பாலாத்துக்குத் தெரிஞ்சது சர்க்காருக்குத் தெரியாதுப்பா" என்றேன். "அவா கணக்குல உங்கக்கா உயிரோடதான் இருக்கா."

"அம்மா அந்தப் பேரச் சொல்லாதுங்க. உசுரே போனாலும் சொல்லாது."

விசாரணைக்கு வருவாய்த் துறையிலிருந்து ஓர் இளைஞர் வந்த காலையில், அக்கம்பக்கத்துச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். வாலாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் காபி டம்ளரோடு தெருவைக் கடந்து போனேன். சாமியாத்தாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அலுவலர் மனோஜைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கினேன்.

"மைசூர் சமஸ்தான வாரிசுச் சட்டம், நூற்றுப் பதினோராம் பிரிவு. பெற்றவள் தன் வாயாலேயே பிள்ளைகளின் பேரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது."

அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஒரு வாய்க் காபிக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நான் இயற்றியது. பார்லிமெண்டுக்குக்கூட அவ்வளவு வேகம் வராது.

"ஹௌதா சார்?" அப்படியா என்று கன்னடத்தில் கேட்டார் அந்த இளைஞர், பயந்துபோய்.

"ஹௌது" என்றேன்.

அவர் சாமியாத்தாள் பக்கம் திரும்பி, "எஷ்டு மக்களம்மா?" என்று கேட்டார்.

எத்தனை பிள்ளைகள்? சாதாரணக் கேள்விதான். அந்த அம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"ரெண்டுங்க."

"அம்மா!" என்றான் மனோஜ்.

"மூத்தவ வினிதா. சின்னவன் இவன்." பிறகு யாரும் கேட்காமலே, "வினிதாங்க. கருப்பா இருப்பா. நெத்தியில தழும்பு இருக்கும், அம்மிக்கல்லுல வுழுந்தது" என்றார், திருவிழாவில் தொலைந்த குழந்தைக்கு அடையாளம் சொல்வதைப் போல.

அலுவலர் பேரை மட்டும் எழுதிக்கொண்டார். தழும்பை எழுத அதில் இடமில்லை.

அவர் போனதும் சாமியாத்தாள் மகனின் கையைப் பிடித்தார். "அவளுக்கு ஒரு போன் போடு சாமி."

"கையெழுத்துக்கு எப்படியும் வரோணுமில்லம்மா. அப்பப் பாத்துக்கலாம்."

நம்பர் அவனிடம் இருந்தது. அவன் போடவில்லை. அடுத்த மாதம் ஒரு மத்தியானம், கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாமியாத்தாள் முறத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். வினிதாவுக்குச் செய்தி போனபோது சாம்பலையும் கரைத்தாகிவிட்டது.

நடந்ததை நான் தெருவெல்லாம் சொன்னேன். மனோஜோ பார்க்கில் எல்லோர் முன்னாலும், "சார் கதை விடறாருங்க. பேர எழுத வெச்சதே அவருதான்" என்றுவிட்டான். யார் பேச்சு எடுபடும்? என் பெருமைதான் ஊருக்கே தெரியுமே.

தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வினிதா என் வீட்டுக்கு வந்தாள். கருப்பு. நெற்றியில் தழும்பு. மனோஜ் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றான்.

"எனக்கு வீடு வேண்டாம் அங்கிள். எங்க போடணும்?"

காட்டிய இடத்தில் எல்லாம் போட்டாள். பிறகு வம்ச விருட்சத்தை எடுத்துத் தன் பேரின் மேல் விரலை வைத்தாள்.

"இதைச் சொன்னது யாரு? நீங்கதானே?"

"உங்கம்மாதாம்மா! மூணு தெருவுக்குக் கேக்கறாப்ல சொன்னா!"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். வினிதா லேசாகச் சிரித்தாள்.

"அரண்மனை யானை உங்க வீட்டுல வந்து தோசை தின்னுச்சுன்னு சின்ன வயசுல சொல்லுவீங்களே அங்கிள். நானும் நம்பினேன். ஒரு தடவ அம்மாவுக்குப் போன் பண்ணேன். என் குரலைக் கேட்டதும் வெச்சிருச்சு. அதுவா சொல்லும்?"

"சத்தியமாம்மா" என்றேன். வாலாம்பாளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று அவள் அங்கே இல்லை.

வினிதா பேனாவை மூடி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மனோஜ் வழிவிட்டு ஒதுங்கினான். வீடு அவனுக்கு வந்தாகிவிட்டது. அவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் கேட்டின் கொண்டியை விலக்கும்போதுதான் கூப்பிட்டான்.

"அக்கா."

அவள் திரும்பவில்லை. கை கொண்டியிலேயே இருந்தது.

"மூணு தெருவுக்கெல்லாம் கேக்குல. மெதுவாத்தான் சொல்லுச்சு." அவன் ஒரு படி இறங்கினான். "ரெண்டு தடவ. அம்மிக்கல்லுத் தழும்பக்கூடச் சொல்லுச்சு. உனக்குப் போன் போடச் சொல்லுச்சு, நாந்தான் போடுல. சார் சொல்றது நெசந்தான்க்கா. அம்மா உம்பேரச் சொல்லுச்சு."