பாட்டிலில் குமிழி வருகிறது

1

இந்தக் கதை எரிந்துபோன ஒரு ஃபியூஸிலிருந்து பிறந்தது. பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தண்ணீரிலிருந்து நெருப்பை எடுக்கத் துணிந்த மாமனிதன்..." அடித்துவிட்டேன். மாமனிதன் அப்போது வண்டிக்கடியில் மல்லாந்து, வாயில் ஸ்க்ரூவைக் கடித்தபடி, ஸ்பேனர் எங்கே என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தான்.

2

டிரைவருக்கு டீசல் என்றாலே வயிற்றெரிச்சல். இருப்பது ஒரேயொரு சின்ன லோடு வண்டி. பெட்ரோல் பங்கில் நிற்கும்போது மீட்டர் ஓடுவதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தான். தண்ணீரில் கரண்ட் விட்டால் ஹைட்ரஜன் வருமாம். இஞ்சின் இழுக்கும் காற்றோடு அதைக் கலந்துவிட்டால் வண்டி டீசலைக் குறைவாகக் குடிக்குமாம். பிடித்துக்கொண்டான்.

சமையலறை எவர்சில்வர் தட்டுகள் நான்கை வெட்டி, தண்ணீர் ஃபில்டர் டப்பாவுக்குள் அடுக்கினான். (தட்டைத் தேடி வந்த மனைவி சொன்னதை எழுதப் போவதில்லை.) பேட்டரியிலிருந்து ஒயர், நடுவே ஃபியூஸ். வாயு ஒரு பாட்டில் தண்ணீருக்குள் முங்கித்தான் இஞ்சினுக்குப் போகும். நெருப்பு திரும்பி வந்தால் அங்கேயே அணையும். அந்தக் கண்ணாடி பாட்டிலை இரண்டு சீட்டுக்கும் நடுவே கட்டினான். குமிழி வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

குமிழி வந்தது. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி பதினாலு ஓடியது.

3

இங்கே சுமை தூக்குகிறவன் ஒருவன் வர வேண்டும். டிரைவர் மனைவியின் அண்ணன். அவனை நல்லவனாக எழுதுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். அது நான்தான் என்பதால் யோசனை நீண்டுவிட்டது.

பத்தாம் நாள், செல்போன் சார்ஜ் ஏறவில்லையே என்று சுமைக்காரன் ஒயர்களைத் துழாவினான். டப்பாவுக்குப் போகும் ஃபியூஸ் எரிந்து கிடந்தது. டப்பாவைப் பார்த்தான். முதல் நாள் பேனாவால் போட்ட கோட்டிலிருந்து தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அப்படியென்றால் ஃபியூஸ் முதல் நாளே போயிருக்கிறது. டிரைவருக்கு அந்தக் கோட்டில்தான் ஏகப் பெருமை: டீசலும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

குமிழி? டீசல் இஞ்சின் உதறுகிற உதறலில் எந்தப் பாட்டிலிலும் வரும். மைலேஜ்? பாட்டில் உடையக்கூடாதே என்று, தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவன்போல டிரைவர் ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தான்.

4

அதற்குள் லாரிக்காரர் ஒருவர் ஆறு வண்டிக்குச் செய்து தரச் சொல்லிவிட்டார். தகடு வெட்ட ஆள் வேண்டும். தையல் கம்பெனியில் பதினொரு வருடமாக இருக்கும் மனைவி திங்கட்கிழமை வேலையை விடுவதாக முடிவாயிற்று. விட்டவர்களை அந்தக் கம்பெனி திரும்பச் சேர்ப்பதில்லை.

"மச்சான், இனிமே நீ மூட்ட தூக்க வேணாம். ஃபிட்டிங் வேலைக்கு வந்துடு," என்றான் டிரைவர்.

அவன் அந்தப் பக்கம் போனதும் தங்கை கேட்டாள்: "உள்ளதச் சொல்லுண்ணே. அது ஓடுதா?"

"பாட்டில்ல குமிழி வருது."

"அதத்தான் அவரும் சொல்றாரு. உன்னக் கேட்டா நீயும் அதையே ஒப்பிக்கிற."

(கவனியுங்கள், சுமைக்காரன் பொய் சொல்லவில்லை.)

5

முடிவு ஒன்று: சுமைக்காரன் உண்மையைச் சொல்கிறான், டிரைவர் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எழுதிப் பார்த்தேன். அந்த முகத்தில் சிரிப்பு உட்காரவில்லை.

முடிவு இரண்டு: யாருக்கும் தெரியாமல் புது ஃபியூஸ் போடுகிறான், சாதனம் நிஜமாகவே... போட்டேன். ஒரு நிமிடத்தில் அதுவும் எரிந்தது.

முடிவு மூன்று: சுமைக்காரன் வாயை மூடிக்கொண்டு ஃபிட்டிங் வேலைக்குப் போகிறான். இது சுலபமாக எழுத வந்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

6

இன்று ஞாயிறு. காலையில் தங்கை சொன்னாள்: "நீதான் இப்ப நோட்டும் கையுமா அலையுறியே. எனக்கு அந்த ராஜினாமா லெட்டர எழுதி மேசையில வையி. குளிச்சிட்டு வந்து கையெழுத்துப் போடுறேன்."

எழுதிவிட்டேன். நான்கே வரி. ஒரு பிழைகூட இல்லை. இந்தக் கதையும் இதோ, இந்த வரியோடு எழுதியாயிற்று. மேசை முழுக்கத் தகடுகள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க ஓர் ஓரத்தில்தான் இடம் இருக்கிறது. எது மேலே இருக்கிறதோ அதைத்தான் அவள் முதலில் படிப்பாள்.

உள்ளே குழாயை மூடிவிட்டாள். எதை மேலே வைக்க? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.