கதிரவேலரின் துரை அடுப்பு

வேர்த்து ஒழுகுகிற திருகோணமலையில், குளிர் காய்வதற்கென்று வீட்டுக்குள் அடுப்புக் கட்டிய ஒரே தமிழன் என் அக்காவின் புருஷன் கதிரவேலர் அத்தான்தான். நுவரெலியாத் தபாற்கந்தோரில் கனகாலம் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் குளிரை விட்டுவிட்டு வந்தாலும் அடுப்பை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நின்றார். வந்த கையோடு மண்டபச் சுவரை உடைத்துக் கல்லால் ஒரு மாடமும், கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு புகைபோக்கியும் கட்டுவித்தார். கொத்தன் அலியாருக்கு அது எதற்கு என்று கடைசி வரை விளங்கவில்லை.

உடைத்த சுவர் அவருடையதும் அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சேரும். அது அப்பா என் அக்கா பத்மாசனிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. ஊர் அந்த அடுப்புக்குத் ‘துரை அடுப்பு’ என்று பேர் வைத்துச் சிரித்தது. அக்கா அதற்குப் பேரும் சொல்லவில்லை, ஒரு விறகுக் குச்சி எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

மார்கழி மழை பிடித்துவிட்டால் அத்தானைப் பிடிக்க முடியாது. பாலை விறகை மாதக்கணக்காகக் காயவைத்து, தென்னோலையைக் கயிற்றில் கட்டிப் புகைபோக்கிக்குள் இறக்கிக் கரியைத் துடைத்து, காகக்கூட்டை எடுத்தெறிந்து, பிறகுதான் நெருப்பு மூட்டுவார். ஈரவிறகு கூடாது, தேங்காய்ப் பொச்சு மட்டை கூடாது, சாம்பல் குவியக் கூடாது, யன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, புகை போகிற வாயை மூடித் திறக்கும் இரும்புத் தகடொன்று உள்ளே இருந்தது. நெருப்பு எரியும்போது அதை மூடுகிறவன் மனிசனே இல்லை என்பார். சோறு தின்னும்போதும் இந்தப் பிரசங்கம்தான். நான் அடுத்த வளவில் இருக்கிறவள், எனக்கே அது மனப்பாடம்.

நாற்பத்துமூன்றாம் ஆண்டு மார்கழியில் துறைமுகம் முழுக்கப் போர்க்கப்பல்களாக நின்றன. அதிகாரிகளுக்கு இடம் போதாமல், நல்ல வீடாகப் பார்த்து எடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் தெருவுக்கும் ஒரு துரை வருவார் என்று ஊர்த் தலைமைக்காரர் விதானையார் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் மகள் தங்கேஸ்வரி அப்போது நிறைமாதம். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டுமென்று அவளைக் கூட்டிவந்து வைத்திருந்தோம். முந்திய வருஷம் யப்பான்காரன் குண்டு போட்டபோது ஓடியதுபோல இந்த முறை கிளிவெட்டிக்கு ஓடவும் வழியில்லை. மகாவலி பெருகிப் பாதையெல்லாம் வெள்ளம். என் வீட்டில் இருந்த ஒரேயொரு அறையும் ஒழுகியது. வீடு போனால் பிள்ளை தெருவில்தான் பிறக்கும்.

இந்த நேரத்தில் அத்தான் என்ன செய்தார் தெரியுமா? துரை வருகிற நாளில் அடுப்பை மூட்டப் போகிறேன் என்றார். அடுப்பைக் கண்டால் இது கௌரவமான ஆளின் வீடு என்று விளங்குமாம், ஒரு கனவானின் வீட்டை இன்னொரு கனவான் எடுக்க மாட்டாராம்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அடுப்பைக் கண்டால் அவர் கதிரையை விட்டு எழும்பவே மாட்டார். உங்களுக்கு இது விளங்கேல்லையோ?”

அத்தானுக்கு விளங்கவில்லை. தொண்டை கிழியச் சொன்னாலும் விளங்காது, தம்புள்ளைக்கு அங்கால், நுவரெலியாவில் நடந்த வாழ்க்கை அவர் தலையில் அப்படி ஏறியிருந்தது.

அந்த நாளும் வந்தது. துரை பின்னேரம் வந்தார், நனைந்த கோழியாக. மண்டபத்துக்குள் காலை வைத்தவர் எரிகிற அடுப்பைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அத்தானின் கதிரையில் அமர்ந்து, சப்பாத்தைக் கழற்றி, இரண்டு காலையும் நெருப்பை நோக்கி நீட்டினார். கண் கலங்கி ஊரில் இருக்கும் தாயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். அத்தான் பக்கத்தில் பூரித்துப்போய் நின்றார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த சாட்டில், சேலைக்குள் மறைத்து வந்த ஈரப் பொச்சை அள்ளி நெருப்பில் போட்டாள். புகை கிளம்பியதுதான். ஆனால் ஒரு நூல்கூட மண்டபத்துக்குள் வரவில்லை. அத்தான் துடைத்து வைத்திருந்த லட்சணத்தில் அவ்வளவையும் புகைபோக்கி ‘சர்’ரென்று இழுத்துக்கொண்டு போனது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய?

மிஷன் பள்ளிக்கூடத்துப் புண்ணியத்தில் எனக்கு இங்கிலீசு விளங்கும். துரை தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வீடு தனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது, வெள்ளிக்கிழமைக்குள் ஒழித்துத் தர வேண்டும், அடுப்பை மட்டும் இப்படியே விட்டுவிட்டுப் போங்கள் என்றார். பக்குவமாகத்தான் சொன்னார்.

அத்தானின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க வழியில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அறை வாசலில் தங்கேஸ்வரி நிலையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கை கொடுத்து நின்றாள். அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு விறகைத் தள்ளிவிடுகிறவர்போலக் குனிந்து, உள்ளே இரும்புக் கம்பியை விட்டு, அந்தத் தகட்டை இழுத்து மூடினார்.

என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை.

ஈரப் பொச்சின் புகை முழுதும் திரும்பி வந்தது. மண்டபம் இருண்டது. துரை ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடி முற்றத்து மழைக்குள் பாய்ந்தார். அத்தானும் இருமிக்கொண்டு பின்னால் ஓடினார். இது எப்போதும் இப்படியா என்று துரை கேட்டார்.

“கட்டின நாள் முதல் இப்படித்தான், சேர்” என்றார் அத்தான் இங்கிலீசில்.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நெருப்பை வைத்து ஆளத் தெரியாதவர்களுக்கு எதற்கு இந்த வேலை, இதையெல்லாம் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று அத்தானின் தோளில் தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் தலையைக் குனிந்து, “ஓம் சேர், எங்களுக்குத் தெரியாதுதான்” என்றார். துரை மற்ற சப்பாத்தையும் வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அவர் என்ன சொன்னவர் என்று அக்கா கேட்டாள். வீடு வேண்டாமாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தான் யன்னல்களைத் திறக்கப் போனார். மிச்சத்தை நான்தான் குசினியில் வைத்து அக்காவுக்குச் சொன்னேன். அவள் உலையைக் கிண்டிக்கொண்டு நின்றாள். அன்றிரவு சாப்பாட்டில் பிரசங்கம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கே சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தங்கேஸ்வரிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மழை விடவில்லை, பிள்ளைக்கு உள்ளங்கால் சில்லிட்டது. குசினியில் நெருப்புச் சட்டி இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. அத்தானின் பாலை விறகில் நல்லதாய் நாலு கட்டை தெரிந்து எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய், சாம்பலை வாரி, யன்னலைக் கொஞ்சம் திறந்து, அடுப்புக்குள் கையை விட்டுத் தகட்டைத் தள்ளித் திறந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பிறகு நெருப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

“இஞ்சேருங்கோ, தகடு திறந்திருக்கோ எண்டு ஒருக்கால் வந்து பாருங்கோ. எனக்குத் தெரியேல்லை.”

அத்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். திறந்துதான் இருக்கிறது என்றவர், அதை ஏன் மூடக் கூடாது என்று முதலிலிருந்து தொடங்கினார். அக்கா நெருப்பை மூட்டிவிட்டு, பிள்ளையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு முழுவதையும் இருந்து கேட்டாள்.