தோளை விட்டு இறங்காத வேல்ஸ்காரன்

வில்ஃப் பிக்கர்ஸ்கில்லின் வலது தோள் முப்பத்தேழு ஆண்டுகளாக வலிக்கிறது. சுளுக்கும் இல்லை, வாதமும் இல்லை. அந்தத் தோளில் ஒரு மனிதன் கிடக்கிறான். 1958 ஜனவரியில், உறைபனி விழுந்த ஆக்ஸ்லி மைதானத்தில், ரக்பி ஆட்டத்தின் இருபத்து மூன்றாம் நிமிடத்தில் வில்ஃப் அவனை மறித்துத் தூக்கினான். மேலே போனவன் தரைக்கு வரவில்லை. நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளியும் பஞ்சுமாக ஓடிவந்த ஆள், துடைத்துவிட யாருமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். கழுத்துக்கு மேல் பிடித்த குற்றத்துக்காக நடுவர் எதிரணிக்கு ஒரு தண்டனை உதை கொடுத்தார். ஆட்டம் தொடர்ந்தது.

அது கிளப்பின் முதல் அணிக்கும் மாற்று அணிக்கும் நடந்த சோதனை ஆட்டம். வேல்ஸிலிருந்து வந்திருந்த அந்த ஆளின் பெயர் வாசலில் ஒட்டிய பட்டியலில் ‘வேறொருவர்’ என்றுதான் இருந்தது. அப்படித்தான் எழுதுவார்கள். கூலி வாங்காமல் ரக்பி ஆடுகிற ஊர்க்காரன் ஒருவன், கூலி கொடுக்கும் எங்கள் லீக் வகை ரக்பியில் ஒரே ஒரு நாள் கால் வைத்ததாகத் தெரிந்தாலும், அவனை அங்கே ஆயுள் முழுக்க ஆடவிட மாட்டார்கள். ஆகவே உண்மைப் பெயர் செயலாளர் இனோக் தாக்ரேவுக்கு மட்டும் தெரியும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குவார், ஆட்டம் முடிந்ததும் அடுப்பில் போட்டுவிடுவார். அன்றும் போட்டார். உடைமாற்றும் அறையில் வேல்ஸ்காரனின் கோட்டு கொக்கியில் தொங்கியது. பையில் பாதி தின்ற பன்றிக்கறி ரொட்டியும், யாரோ பின்னிக் கொடுத்த கையுறையும் இருந்தன. எங்கே அனுப்புவதென்று தெரியாமல் அப்படியே விட்டார்கள்.

வில்ஃபுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. வந்தவன் வில்ஃபின் பதினொன்றாம் எண் சட்டையை, அணியில் அவன் இடத்தைப் பிடிக்கத்தான் வந்திருந்தான். நல்ல ஆட்டக்காரன். அது தெரிந்துதான் வில்ஃப் கையை உயரத் தூக்கினான்.

திங்கட்கிழமை சுரங்கத்துக்குப் போனபோது ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. வாயிலில் தலை எண்ணுகிறவன், “வில்ஃபு, நீ ரெண்டு ஆளுய்யா. அடுத்த நடைக்கு நில்லு,” என்றான். அன்று முதல் அவனைத் தவிரப் பதினான்கு பேர்தான் இறங்கினார்கள், மொத்தம் பதினாறு என்று எழுதிக்கொண்டார்கள். விளக்கறையில் ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லையில் அவனுக்கு இரண்டு கொடுத்தார்கள். இரண்டாவதில் எதுவும் பொறிக்கவில்லை. வீட்டில் கட்டில் வலப்பக்கம் தொய்ந்தது. “ஏய்யா, அந்தாளை இந்தப் பக்கமா கொஞ்சம் நகத்தேன், நான் உருண்டு உருண்டு வரேன்,” என்று மனைவி டோரீன் முணுமுணுத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டாள்.

ஆட்டத்தில் அவனுக்கு ஏறுமுகம்தான். இரண்டு ஆள் எடையோடு ஓடி வருகிறவனை யார் சாய்ப்பது? பதிமூன்று பருவம் ஆடினான். நாட்டு அணியில் ஆறு முறை. சிட்னியில் மூன்று பேர் சேர்ந்து அவன்மேல் மோதினார்கள், மூன்று பேரையும் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கூவும்போதெல்லாம் தோளில் கிடப்பவன் கனம் கூடும்.

1971இல் அவனைப் பயிற்சியாளராக்கினார்கள். சனிக்கிழமைதோறும் ஆட்டக்காரர் பட்டியலை உரக்கப் படிக்க வேண்டியது அவன் வேலை. முதல் சனிக்கிழமையே விஷயம் புரிந்தது. ஒன்றாம் பெயரில் தோள் லேசானது. மேலே கிடப்பவன் எழுந்து காது கொடுப்பதுபோல. பதிமூன்றாம் பெயரைப் படித்து முடித்ததும் திரும்பவும் பொத்தென்று சரிந்தது. அவன் காத்துக்கொண்டிருப்பது தன் பெயருக்கு என்று வில்ஃப் தெரிந்துகொண்டான்.

வருடாவருடம் இனோக்கிடம் போய்க் கேட்டான். கடைசியாகக் கேட்டது 1979இல், கிழவர் நெஞ்சுச்சளியோடு படுத்திருந்தபோது.

“இனோக், பேரைச் சொல்லிடு.”

“வாக்குக் குடுத்திருக்கேன் வில்ஃபு. வெளிய தெரிஞ்சா பையனை ஆயுசுக்கும் ஆட விடமாட்டானுங்க.”

“செத்து இருபத்தோரு வருசமாச்சுய்யா அவன்!”

“செத்தான்னு யாரு சொன்னா? பொணம் எங்கே?”

இனோக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வில்ஃபின் தோளுக்கு மேலே பார்த்து, “பயப்படாதேப்பா. என் வாயிலேருந்து வராது,” என்றார். மார்ச்சில் இறந்தார். ஆக்ஸ்லியில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவர்கள் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள்.

அதன்பிறகு வில்ஃப் வேல்ஸின் தொலைபேசிப் புத்தகத்தை வாங்கி வந்தான். பதிமூன்று பெயர்களுக்குப் பிறகு அதிலிருந்து இருபது பெயர் படிப்பான். ஆட்டக்காரர்கள் சாக்ஸோடு நின்று கேட்பார்கள்.

“கோச், இன்னும் எத்தனை இவான்ஸ் இருக்கானுங்க?”

“எண்ணூத்திப் பத்து. வாயை மூடிட்டுப் பூட்ஸைக் கட்டு. இடுப்புக்குக் கீழ புடிங்கடா. மேல புடிச்சா வீட்டுக்குச் சுமந்துட்டுத்தான் போகணும்.”

இடுப்புக்குக் கீழேயே பிடித்துப் பல ஆட்டங்கள் தோற்றார்கள். சுரங்கம் மூடியது. இரண்டு வில்லைகளையும் வில்ஃப் திருப்பிக் கொடுக்கவில்லை. டோரீன் இறந்தாள், செங்கல் இருக்கிறது.

1995 ஆகஸ்டில், அந்த இன்னொரு ரக்பியும் இனிமேல் கூலி கொடுக்கும், யாருக்கும் தடை கிடையாது என்று உடைமாற்றும் அறை வானொலியில் செய்தி வாசித்தார்கள். வில்ஃப் தன் கோட்டைப் போட்டுக்கொண்டு கல்லறைக்கு நடந்தான். இனோக் கிடக்கும் இடத்தில் குனிந்து, “இப்பச் சொல்லலாம்ல, பிடிவாதக்காரா,” என்று கேட்டான். தோளில் இருப்பவனும் அவனோடு சேர்ந்து குனிந்தான். புல்லில் மழை பெய்துகொண்டிருந்தது.

இப்போது வாசலில் ஒட்டும் பட்டியலில் பதினான்கு வரிகள் இருக்கின்றன. கடைசி வரி வெற்றிடம். நடுவர்கள் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கொக்கியில் தொங்கும் வேல்ஸ்காரனின் கோட்டைப் பனிக்காலத்துக்கு முன் யாராவது ஒருவர் தூசி தட்டுகிறார். வில்ஃப் புத்தகத்தில் ஜோன்ஸ்களுக்கு வந்துவிட்டான்; அவர்கள் நிறைய. ஆக்ஸ்லி அந்த ஆளுக்கு ஒரு பெயர் பாக்கி வைத்திருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.