எட்டிப் பார்த்தால் ஒழுங்காகும் லிஃப்ட்

இரண்டு மாடிகளுக்கு நடுவே கதவைத் திறந்து எங்கள் கம்பெனி லிஃப்ட் ஒருவர் காலை உடைத்தது. மறுநாளே முதலாளி குற்றவாளியைப் பிடித்துவிட்டார்: பராமரிப்பு மெக்கானிக். அவர் என் அக்காவின் கணவர். லிஃப்டை ஓட்டும் மென்பொருளை எழுதியவன் நான். ஆக, தப்பு வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

அத்தான் வேலையில் குறையில்லை, கோளாறு என்னுடையதுதான். பிராசஸருக்குப் பக்கத்திலேயே கேஷ் என்று சின்ன நினைவகம் ஒன்று, கடையின் முன்மேசை மாதிரி. பெரிய நினைவகம் பின்னால் இருக்கும் கிடங்கு. லிஃப்ட் நிற்கும் இடம் பற்றிய புதுத் தகவல் மேசையிலேயே தங்கிவிட, கதவைத் திறக்கும் சிப் கிடங்கிலிருந்த பழசை எடுத்திருக்கிறது.

நிரூபிப்பதுதான் பாடு. பிழை தேடும் கருவியான டிபக்கரைச் செருகினால் அது அடிக்கடி பிராசஸரை நிறுத்தி, மேசையில் உள்ளதைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டுத்தான் காட்டும். முதலாளி தலை தெரிந்ததும் சரக்கை அடுக்கிவைக்கும் கடையாள் மாதிரி. கேஷைத் தொடாமல் பார்க்கும் கருவியும் உண்டு. விலையைக் கேட்ட முதலாளி, இன்னொரு லிஃப்டே வாங்கலாமே என்றார். வாடகைக்காவது என்று இழுத்துப் பார்த்தேன். மசியவில்லை.

இருப்பதைச் செருகி, விபத்தை விசாரிக்க வந்த காப்பீட்டு அதிகாரி முன்னால் ஓட்டினோம். லிஃப்ட் பரம சாதுவாக ஏறி இறங்கியது. மென்பொருள் சுத்தம் என்று அவர் கிளம்பினார்.

முதலாளியை அறையில் பிடித்து எல்லாவற்றையும் விளக்கினேன். ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"மாத்தினா தப்பு நம்மதுன்னு நாமே சொன்ன மாதிரி, தம்பி. நம்ம லிஃப்ட் அத்தனையும் நிக்கும். மெக்கானிக்னா ஒருத்தர்தான் நிப்பார்." அந்த டிபக்கரையே எல்லா லிஃப்டிலும் செருகி விட்டுவிடு என்று அனுப்பினார்.

சாயங்காலம் அத்தான் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு அவற்றைக் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பு உன்னதுன்னு சொன்னியா மாப்ளே?"

"சொன்னேன் அத்தான்."

"நம்பலையா?"

"நம்பிட்டாரு."

ஸ்பானரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது போல, மறுபடி துடைத்தார்.

"அப்போ நீ இனிமே படியிலேயே ஏறு" என்றார்.