உறிஞ்சி எடுத்த வாயு

டொரோண்டோவின் ரெக்ஸ்டேலில் வெயில் கொளுத்திய ஒரு ஜூலை மதியம், அமிர்தநாதரின் கேட்டரிங் கடையில் குளிர் அறை படுத்துவிட்டது. உள்ளே பின்னேரக் கலியாணத்துக்கான ஆட்டிறைச்சி. திருத்த வந்த மயூரி, கம்பிரசரை மாற்ற வேண்டும் என்றாள். அதற்கு முதல் குழாயில் இருக்கும் நாலு கிலோ குளிரூட்டும் வாயுவை மெஷினால் உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்க வேண்டும்.

"அதுக்கு எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலம், அங்கிள்."

"உதைத் திறந்து விடு பிள்ளை. காத்தோட போயிடும்."

"போகாது. அங்கதான் வில்லங்கம். வெயில் பட்டு நிலம் சுடுது. அந்தச் சூடு திரும்ப மேல போகவேணும். உந்த மாதிரி வாயுக்கள் அதைப் பிடிச்சுத் திருப்பிக் கீழ அனுப்பும்."

"மார்கழியில விறைச்சுச் சாகிற எங்களுக்கு அது நல்லதுதானே!"

டொரோண்டோவில் இந்தப் பகிடியைக் கேட்காத காது இல்லை. மயூரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"போர்வையே இல்லாட்டிப் பூமி பனிக்கட்டி, ஓம். அதுக்காகப் போர்த்தினவனுக்கு மேல மேல போர்த்தலாமோ? உந்த நாலு கிலோ, பதினைஞ்சாயிரம் கிலோ கரியமில வாயுவுக்குச் சமன். உங்கட கம்பிரசரே வெக்கை தாங்காமல்தான் படுத்தது."

"எனக்குப் பாடம் எடுக்காதை. எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பஸ்ரியன் அஞ்சு நிமிசத்தில திறந்து விட்டுடுவான். அவனைக் கூப்பிடுறன். நீ போ. மற்ற ரெண்டு கடைக்கும் இனி வரவேண்டாம்."

மயூரி தனியாகத் தொழில் தொடங்கி எட்டு மாதம்தான். அவருடைய மூன்று கடைகளை நம்பித்தான் நிற்கிறாள். கை தானாக வால்வுக்குப் போனது. திறந்துவிட்டால் எல்லாம் சரி, யார் பார்க்கப்போகிறார்கள்? தன்மேலேயே வெறுப்பு வந்தது. கையை எடுத்து, மெஷினைக் குழாயில் பூட்டினாள்.

"போகச் சொன்னனெல்லோ!"

"போறன் அங்கிள். உதுக்கு நீங்கள் ஒண்டும் தரவேண்டாம். ஆனா வாயுவை எடுக்காமல் போகமாட்டன். இறைச்சியை ஐஸ் பெட்டியில மாத்துங்கோ."

அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவசரப்படாமல் இறங்கிப் பூச்சியத்துக்கு வந்தது.

பஸ்ரியன் வந்தபோது அவள் சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவன் நேரே போய், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வால்வைத் திறந்தான். சத்தமே இல்லை. இன்னும் திருகினான்.

"என்னடாப்பா, ஒண்டும் வரேல்லை!"

அமிர்தநாதர் மயூரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வண்டிக் கதவைச் சாத்தினாள்.

"எடுத்தாச்சு அண்ணை. இனி ஆறுதலாத் திறவுங்கோ."