ஒச்சப்பன் நேரில் வந்த விவரம்

செத்து ஒன்பது மாதம் ஆகியிருந்த ஜீப்பு டிரைவர் ஒச்சப்பன், ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை வருமான வரி அலுவலகத்துக்கு நேரில் வந்தார். அவரை வரவழைத்தவள் மனைவி முனீஸ்வரி.

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு அவருடையது. தோட்டக்காரர்கள் வாடகையில் வரி பிடித்தார்கள். பிடித்தது அதிகம், திரும்ப வரும் என்றார் ஆடிட்டர். இதயக்குழாய் அடைப்புக்கு மதுரையில் ஆப்பரேஷன் நாள் குறித்தபோது அந்தப் பணத்தை நம்பித்தான் தலையாட்டினார்கள். பணம் வரவில்லை, நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. கணினியில் 'பரிசீலனையில் உள்ளது' என்ற வரி இரண்டு மழைக்காலம் அசையாமல் நின்றது. போடிமெட்டுப் பாதையில் ஒரு வளைவில், ஜீப்பை ஓரங்கட்டி, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு ஒச்சப்பன் செத்தார். பின்னால் இருந்த பெண்களில் ஒருத்திக்கும் சிராய்ப்பில்லை.

முனீஸ்வரி இறப்புச் சான்றிதழோடு போனாள். அதிகாரி புரட்டிப் பார்த்து, "கணக்குக்காரர் நேர்ல வந்து சரிபாக்கணும்மா" என்றார்.

"அவரு செத்துட்டாருய்யா."

"அது சரிம்மா. ரூல் அப்படி."

வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள், பஸ்சை விட்டிறங்கி நேரே இடுகாட்டுக்குப் போய், புதைத்த மேட்டைக் காலால் உதைத்தாள். "உசிரோட இருக்கையில வாயில்லாப் பூச்சியா நடந்தீக. இப்பவாச்சும் வந்து கேளுங்க. வெரசா எந்திரிங்க."

மறுநாள் பஸ்சில் கண்டக்டர் அவர்களுக்கு இரண்டு டிக்கெட் கிழித்தார். மண் உதிர வந்து நின்ற ஒச்சப்பனிடம் அதிகாரி கைரேகை கேட்டார். விரலில் ரேகை இல்லாததால் எந்திரம் ஏற்கவில்லை. "அடுத்த வாரம் வாங்க" என்றார். முனீஸ்வரி மேசையை ஓங்கி அறைந்தாள். ஒச்சப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனி எனக்கென்ன சோலி? இங்ஙனயே இருக்கேன்."

மார்கழியில் பணம் வந்தது. தாமதத்துக்கான வட்டி வராததால் ஒச்சப்பன் நாற்காலியை விட்டு எழவில்லை. வங்கியில் பணத்தை வாங்கியபோது முனீஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆப்பரேஷனுக்குப் போக மிச்சமே இருந்திருக்கும்.

தை பிறந்ததும் சிலமலையிலிருந்து ஒருத்தி செத்துப்போன தன் மாமனாரை எழுப்பிக் கூட்டிவந்தாள். ராசிங்காபுரத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் தாங்களாகவே வந்தார்கள். சன்னலோரம் அவர்களுக்கென ஒரு பெஞ்சு போடப்பட்டது. அவர்கள் உதிர்க்கும் மண்ணை அள்ள முறம் வேண்டும் என்று பெருக்குகிற கருத்தம்மா கேட்டாள். அன்றைக்கே வாங்கிக் கொடுத்தார்கள்.