செபஸ்தியம்மா ஓடக் கூடாது

நெடுந்தீவில் விளையாட்டுப் போட்டி என்றால் ஓடுவது பிள்ளைகள் மட்டுமல்ல. கயிற்றுக்கு உள்ளே பிள்ளை ஓடும். கயிற்றுக்கு வெளியே அந்தப் பிள்ளையின் தாய் ஓடுவாள், தகப்பன் ஓடுவான், சின்னம்மா ஓடுவாள், சில வருடங்களில் வீட்டு நாயும் ஓடியிருக்கிறது. "பெற்றோர் தயவுசெய்து அமர்ந்திருக்கவும்" என்று தலைமை ஆசிரியர் ஒலிபெருக்கியில் தொண்டை கிழியச் சொல்வார். தன் மகன் ஓடிய வருடம் அவரே ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு ஓடியவர். ஆகவே அவர் சொல்லை ஊரில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

இப்படி வெளியே ஓடுகிறவர்களுக்கும் ஒரு வெற்றிக் கிண்ணம் கொடுப்பதென்றால் அது செபஸ்தியம்மாவுக்குத்தான் போயிருக்கும். நல்ல வாட்டசாட்டமான மனுஷி. பட்டி மாடு வளர்ப்பவள். வேலி பாய்ந்து போன நாம்பன் காளையைக் கடற்கரை வரை துரத்திப் பிடித்து வருகிற கால்கள் அவளுடையவை. புருஷன் செபமாலை கடலுக்குப் போகிறவர். வீட்டில் பேசவேண்டியதையெல்லாம் மனைவியே பேசிவிடுவதால் அவருக்குப் பேசும் வேலை இருக்கவில்லை. இருவருக்கும் ஒரே பிள்ளை, ஜசிந்தா.

ஜசிந்தா முதலாம் வகுப்பில் தேசிக்காய் ஓட்டம் ஓடினாள். எலுமிச்சங்காய் வைத்த கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு பாதி தூரம் வந்தவள், இவ்வளவு சனத்தைக் கண்டு மிரண்டு அப்படியே நின்றுவிட்டாள். உதடு பிதுங்கியது. அழப் போகிறாள் என்று தெரிந்ததும் செபஸ்தியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கயிற்றோரம் வந்து, "வாடி என்ரை ராசாத்தி! வா, வா, வா!" என்று பக்கவாட்டில் ஓடத் தொடங்கினாள். பிள்ளை சிரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. கடைசி இடம்தான். ஆனால் தாய் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள், முதலாம் இடம் யாருக்கென்று ஒருவரையொருவர் கேட்டார்கள்.

அன்று தொடங்கியது. தொங்கும் பணிஸைக் கடிக்கிற பணிஸ் ஓட்டம், சாக்கோட்டம், நூறு யார் என்று மகள் வளர வளர ஓட்டமும் நீண்டது. தாயும் விடவில்லை. ஜசிந்தா எண்ணூறு மீற்றருக்கு வந்தபோது ஊரில் அவளுக்கு ஈடாக ஓட ஒரேயொரு ஆள்தான் இருந்தாள், அவள் கயிற்றுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தாள்.

பிறகு மாவட்டப் போட்டி வந்தது. யாழ்ப்பாணத்து மைதானத்தில் கடைசி வளைவைத் தாண்டி ஜசிந்தா முன்னுக்கு வருவதைக் கண்டதுதான் தாமதம், செபஸ்தியம்மா உட்கார்ந்திருந்த கதிரையைத் தட்டிவிட்டு எழும்பினாள். கோட்டோரமாக மகளுக்குச் சரிசமமாக முடிவிடம் வரை ஓடிப் போனாள். ஜசிந்தாதான் முதல். மகளைக் கொஞ்சி முடிப்பதற்குள் வளைவில் நின்ற நடுவர் பாலசிங்கம் மாஸ்டர் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். ஓடுகிறவருக்குப் பக்கத்தில் வெளியாள் ஓடினால் அது உதவி. உதவி பெற்றவருக்கு இடம் கிடையாது.

"நான் என்ன, பிள்ளையைத் தூக்கிக்கொண்டோ ஓடினனான்?" என்று செபஸ்தியம்மா கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்கு. மைதானத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் அது கேட்டது.

"சட்டம் அப்பிடித்தான் அம்மா," என்றார் மாஸ்டர். பதக்கம் காரைநகர்ப் பிள்ளைக்குப் போனது.

ஜசிந்தா குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் ஏறி நடுக்கடலுக்கு வந்த பிறகுதான் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள் ஓடாட்டியும் நான் வெண்டிருப்பன் அம்மா."

செபஸ்தியம்மாவுக்கு அது நெஞ்சில் தைத்தது. எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், எல்லோருக்கும் இரண்டாகத் திருப்பிக் கொடுத்தவள். இதற்கு மட்டும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு அவளும் கடலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு ஜசிந்தா ஆசிரிய கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தாள். விடுதி வாழ்க்கை. அங்கேயும் ஓடினாள், தாய் இல்லாமல் ஓடினாள், நன்றாகவே ஓடினாள். கலாசாலைகளுக்கிடையிலான போட்டி யாழ்ப்பாணத்தில் நடக்கப்போவதாகவும், எண்ணூறு மீற்றரில் வெல்பவள் கொழும்புக்குப் போவாள் என்றும் சொல்ல விடுமுறையில் வீட்டுக்கு வந்தாள்.

"நீங்கள் வரவேணும் அம்மா."

"நான் வரேல்லை," என்றாள் செபஸ்தியம்மா பால் கறந்துகொண்டே. "வந்தால் ஓடிப்போடுவன். வாயை அடக்கலாம், என்ரை கால் என்ரை சொல்லுக் கேளாது. திரும்பவும் உன்ரை இடத்தைப் பறிக்கிறதுக்கோ நான் வாறது?"

ஜசிந்தா பக்கத்தில் குந்தினாள். "அண்டைக்கு லோஞ்சிலை கோவத்திலை சொன்னனான். ரெண்டாஞ் சுத்திலை, அங்காலைப் பக்கம் போகேக்கை, நெஞ்சு அடைச்சுக்கொண்டு வரும். கால் கல்லு மாதிரி. அப்ப உங்கடை சத்தம் கேட்டால்தான் எனக்கு மற்றக் கால் வரும். இல்லாமல் ஓடிப் பாத்திட்டன். இந்தமுறை ஓடுறவளவை பொல்லாதவளவை. சத்தம் இல்லாமல் வெல்ல ஏலாது."

செபஸ்தியம்மாவின் கண் கலங்கிவிட்டது. மாடு கால் மாற்றி நின்றதால் பால் சிந்திவிட்டதாக மாட்டை ஏசினாள்.

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் சிக்கல் அப்படியே இருந்தது. ஓடாமல் நின்றால் சத்தம் நின்ற இடத்தில்தான் கேட்கும். நெஞ்சு அடைப்பதோ மைதானத்தின் அந்தப் பக்கம். கூடப் போனால் சிவப்புக் கொடி.

அடுத்த நாள் காலை பட்டியைக் குளத்துக்கு ஓட்டிச் சாய்க்கும்போதுதான் வழி பிறந்தது. நெடுந்தீவில் ஒழுங்கைகளின் இருபுறமும் முருகைக்கல் வேலி. வேலியில் அங்கங்கே ஆள் புகுகிற கடப்பு இருக்கும். மாடு அதற்குள் திரும்பாமல் இருக்க ஒவ்வொரு கடப்பிலும் ஒருவர் நின்று கூவுவார்கள். யாரும் மாட்டோடு ஓடுவதில்லை. கூவல்தான் கைமாறி மாறிப் போகும், பட்டி நேரே குளத்துக்குப் போய்விடும். எதிர்க் கடப்பில் நின்று கூவிய அயல்வீட்டுக் கிறேசம்மாவைப் பார்த்து செபஸ்தியம்மா அப்படியே சிலையாக நின்றாள்.

"எடியே கிறேசம்மா! சனிக்கிழமை யாழ்ப்பாணம் வாறாய்!"

விஷயத்தைக் கேட்ட கிறேசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பெத்த பிள்ளையை மாடு சாய்க்கிற மாதிரிச் சாய்க்கப்போறியோ?"

"ஓம், சாய்க்கத்தான் போறன். கொழும்புக்குச் சாய்க்கப்போறன்."

சனிக்கிழமை முதல் லோஞ்சில் பாதி ஆட்கள் செபஸ்தியம்மாவின் ஆட்கள். சோழகக் காற்று. லோஞ்ச் ஆடிய ஆட்டத்தில் சிலர் வாந்தி எடுத்தார்கள், எடுத்து முடித்தவர்கள் கூவிப் பழகினார்கள். மேற்கூரையில் இருந்த சின்னக்குட்டி என்கிற மாட்டுக்காரர் கூவியபோது லோஞ்சோட்டி பயந்து வேகத்தைக் குறைத்துவிட்டான். செபமாலை மட்டும் ஒரு மூலையில் சுருட்டோடு குந்தியிருந்தார்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அங்காலைப் பக்கத்து நடுவிலை. பிள்ளைக்கு நெஞ்சு அடைக்கிற இடம். வாயைத் துறப்பியளோ, இல்லாட்டிச் சுருட்டுத்தானோ?"

"பாப்பம்," என்றார் செபமாலை. அன்றைக்கு அவருடைய பேச்சு அவ்வளவுதான் என்று செபஸ்தியம்மா நினைத்தாள்.

மைதானத்தில் ஆட்களை ஒவ்வோர் இடமாக நிறுத்திவிட்டு, கடைசி வளைவை அவள் தனக்கு எடுத்துக்கொண்டாள். அங்கே கொடிகளோடு நின்றவர் வேறு யாருமல்ல, அதே பாலசிங்கம் மாஸ்டர். அவளைக் கண்டதும் மனிதர் சிவப்புக் கொடியைக் கைக்கு எட்டும் பக்கமாக மாற்றி வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், நிண்ட இடத்திலை நிண்டு கத்தலாமோ?"

"தாராளமாக் கத்தலாம். கூட ஓடினால்தான் பிழை. நீங்கள் பிள்ளையோடை ஓரடி வைச்சாலும் நான் தூக்கத்தான் வேணும், அம்மா. எனக்கு ஆசையில்லை, சொல்லிப்போட்டன்."

"அப்ப என்னைப் பாத்துக்கொண்டே நில்லுங்கோ," என்று கயிறு கட்டிய கம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வெடி கேட்டது. புறாக்கள் எழும்பின. வெள்ளைச் சட்டை நடுவில் நெருக்குப்பட்டு ஓடியது, அதுதான் ஜசிந்தா. முன்னால் பச்சைச் சட்டை போட்ட நெட்டைப் பெண் ஒருத்தி காலை நீட்டி நீட்டி வைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

முதல் வளைவில் கிறேசம்மா தொடங்கினாள். "ஜசீ...! ஓடடி பிள்ளை!" அது ஓய்வதற்குள் அடுத்தவர், அவர் ஓய்வதற்குள் சின்னக்குட்டி. கூவல் மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கியது. பந்தலில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். யாரோ கோமாளிக் கூட்டம் என்று நினைத்திருப்பார்கள். செபஸ்தியம்மாவின் இடத்துக்கு வந்தபோது ஜசிந்தா நாலாவது. தாய் கத்திய கத்தலில் மாஸ்டர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். மகள் கடந்து போனாள். கம்பு ஆடியது, கால் அசையவில்லை.

இரண்டாம் சுற்று. பச்சைச் சட்டை இன்னும் தூரம் போனாள். மைதானத்தின் அந்தப் பக்கம் போகும்போது ஜசிந்தாவின் தோள் மேலே ஏறுவதையும் தலை பின்னால் சாய்வதையும் செபஸ்தியம்மா இங்கிருந்தே கண்டுவிட்டாள். நெஞ்சு அடைக்கிறது. பெற்றவளுக்குத் தெரியாதா? அந்த இடத்தில் சத்தமே இல்லை. அந்த இடத்தில் நிற்பது செபமாலை. "கடவுளே, அந்த மனுஷன்..." என்று பல்லைக் கடித்தாள்.

அப்போது கேட்டது. புயலில் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கவென்று அடிவயிற்றிலிருந்து போடுகிற சத்தம் அது. "ஏய்ய்ய் என்ரை மோளே...! விடாதை...! வலிச்சு விடு...!" மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருடம் ஒரே பாயில் படுத்தவள் அந்தக் குரலை அன்றுதான் கேட்டாள். இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் உப்பில்லை என்பதைக்கூடக் கையால் காட்டினார்!

ஜசிந்தாவின் தலை நேரானது. மற்றக் கால் வந்தது. மூன்றாவது, இரண்டாவது. கூவல் அவளுக்கு முன்னே முன்னே பறந்தது, இப்போது நெடுந்தீவார் மட்டுமல்ல, விடுதிப் பெண்களும் ஐஸ்பழக்காரனும் சேர்ந்துவிட்டார்கள். வளைவுக்கு வரும்போது பச்சைச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் இடையில் ஒரு கை நீளம்.

"ஓடு ஜசீ! ஓடு! ஓடு என்ரை குஞ்சு! ஓடு!"

மகளின் மூச்சு முகத்தில் பட்டதுபோல் இருந்தது. செபஸ்தியம்மாவின் வலது குதிக்கால் தரையை விட்டுக் கிளம்பியது. தொடை துடித்தது. உடம்பு முழுக்க முன்னால் சரிந்தது. மாஸ்டரின் கண் அவள் காலில் இருந்தது. கம்பை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தாள். குதிக்கால் திரும்பத் தரையில் இறங்கியது. அதை இறக்கப் பட்ட பாடு, நாம்பனைக் கொம்பில் பிடித்து நிறுத்தியபோதுகூடப் படாத பாடு.

பிறகு ஒன்றும் தெரியவில்லை. சனம் எழும்பி நின்று மறைத்துவிட்டது. மைதானம் அதிர்ந்தது. தொப்பிகள் பறந்தன. கிறேசம்மா ஓடினாள், சின்னக்குட்டி ஓடினார், செபமாலைகூடச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே ஓடினார். எல்லோரும் முடிவிடத்துக்கு. செபஸ்தியம்மா மட்டும் கம்பைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். குரல் போய்விட்டது. காற்றுத்தான் வந்தது.

"மாஸ்டர்... முடிஞ்சுதோ?"

பாலசிங்கம் மாஸ்டர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுது."

"ஆர்?"

"உங்கடை பிள்ளைதான் அம்மா. நெஞ்சாலை வெண்டிட்டாள்."

"கொடி?"

மாஸ்டர் கையை உயர்த்திக் காட்டினார். வெள்ளை.

செபஸ்தியம்மா அதையே பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. "அப்ப... நான் இனி அசையலாமோ? பிள்ளைக்கு ஒண்டும் செய்யமாட்டியள்தானே?"

மாஸ்டர் குனிந்து கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "ஓடுங்கோ அம்மா. உள்ளுக்காலையே ஓடுங்கோ."

செபஸ்தியம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள். சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே, ஒருவரும் இல்லாத ஓடுபாதையில், அவ்வளவு நேரம் அடக்கி வைத்த ஓட்டத்தையெல்லாம் ஓடினாள். சனம் விலகிப் பார்த்தது. பந்தலில் கைதட்டல் தொடங்கியது. முடிவிடத்தில் புல்லில் விழுந்து கிடந்த ஜசிந்தா தலையைத் தூக்கினாள், தாயைக் கண்டாள், தள்ளாடி எழும்பினாள். அவளை நோக்கி வந்து, கோட்டுக்கு வெளியே திரும்பி, பக்கத்தில் சேர்ந்து ஓடினாள்.

"ஓடுங்கோ அம்மா! விடாதேங்கோ! இன்னும் கொஞ்சந்தான்! ஓடுங்கோ!"